குறுக்குப் பாதைக்கு ஒரு லைட்டு

— மெதுவாப் பேசு பிரியந்தி, ஒங்கப்பா காதுல விழுந்துறப் போகுது. மொதல்ல அந்த ட்ரிப் சுவிட்ச கீழ தட்டு. நான் வயர்ல கை வைக்கணும்.

— தட்டிட்டேன். துஷாந்த், அப்பா ஒங்களக் கூப்புட்டதே எனக்குச் சரியாப் படல.

— மாட்டுக்கொட்டாய்க்கு வெளிய லைட்டு போடணும்னாரு, வந்தேன். நான் கரண்டு வேல செய்றவன்தான?

— கொட்டகலை பஜார்ல வேற ஆளே இல்லயா? காமன் கூத்துத் திருவிழாவுல ரெண்டு வீட்டுக்கும் அடிதடி ஆனதுல இருந்து ஒங்க வீட்டாளுங்களக் கண்டாலே லயத்து வீட்டுக் கதவச் சாத்துறவரு. இன்னைக்கு விடிஞ்சதும் அவரே போன் பண்ணி, "தம்பி, நீயே வா"ங்கிறாரு!

— எதுக்கு லைட்டுன்னு கேட்டியா?

— கேட்டேன். வாயத் தொறக்கல. நேத்து கொட்டாய்ப் பக்கம் போயிட்டு வந்தவரு, மொகமெல்லாம் வெளுத்துப்போயி ஒக்காந்துட்டாரு. சோறும் எறங்கல, தூக்கமும் இல்ல.

— நேத்து... நான் போன பொறகா?

— நீங்க அங்கிட்டு எறங்குனீங்க, அவரு இங்கிட்டு வந்தாரு. பாத்துட்டாரு துஷாந்த். சத்தியமாப் பாத்துட்டாரு. இனி என்னைய ராகலை அத்த வீட்டுக்கு அனுப்பி, அவங்க மகனுக்கே கட்டி வச்சிருவாரு.

— அழாத புள்ள. ஒன் கண்ணீரு வயர்ல பட்டா நான் பொசுங்கிருவேன்.

— வெளையாடாதீங்க! லைட்ட எந்தப் பக்கம் பூட்டச் சொன்னாரு?

— கீழ. தேயிலைக்குள்ள போற குறுக்குப் பாதையப் பாத்து.

— பாத்தீங்களா! எங்க பசு அங்கயா நிக்குது? நீங்க வந்து போற பாதை அது. ஆளு அசைஞ்சா தானா எரியிற லைட்டு வேற. ஒங்களப் புடிக்கத்தான் இதெல்லாம்.

— இப்ப என்னா செய்யச் சொல்ற?

— வயர லூசா விட்டுருங்க. எரியாமப் போகட்டும்.

— மழ ஈரத்துல கொட்டாய்த் தகரம் பூரா கரண்டு ஏறும். விடிகாலையில பால் கறக்க வர்றது யாரு? நீதான? அத மட்டும் கேக்காத.

— அப்ப வேற பக்கமாவது திருப்புங்களேன்.

— சரி, லைட்டு மொகத்தக் கொஞ்சம் மேல தூக்கி வக்கிறேன். கேட்டா, ஆணி சரியா ஏறலன்னு சொல்லிக்கலாம்.

— ஐயோ, அப்பா வர்றாரு!

— என்னா தம்பி, முடிஞ்சிச்சா?

— முடிஞ்சிச்சுங்க ஐயா.

— நெலாவுக்கா லைட்டு கேட்டேன் நான்? எறக்கு. இன்னும் கீழ. அந்தக் கல்லுப்படி முழுக்கத் தெரியணும்.

— அப்பா, அவங்களுக்கு வேற வேல இருக்காம்ப்பா...

— நீ சும்மா இரும்மா. சுவிட்சப் போடு. ம்... நல்லா எரியுது. தம்பி, ஏணிய விட்டு எறங்கி வா. என் மொகத்தப் பாரு.

— நான் வந்து போனது தப்புத்தாங்க ஐயா. என்னைய என்னா வேணும்னாலும் செய்ங்க. பிரியந்திய மட்டும் ராகலைக்கு அனுப்பிறாதீங்க.

— அவள யாரு அனுப்பப் போறா? காலையில நீ போன எடுத்துப் பேசுன பொறகுதான்டா எனக்கு மூச்சே வந்திச்சு. நேத்து நீ அந்தப் படியில எறங்கிப் போறத இங்க நின்னு பாத்தேன். திட்டத்தான் வாயத் தொறந்தேன், சத்தம் வரல. ஒனக்குப் பின்னாலயே சிறுத்தப்புலி ஒண்ணு எறங்கிப் போய்க்கிட்டிருந்திச்சு.