வென்ற பிறகு கேட்ட மன்னிப்பு

லண்டனில் கோலியர்ஸ் வுட் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரே கடைச் சீருடையோடு இருவர் இருந்தார்கள். இளையவர் சொன்னார்: "வெண்டாப் பிறகு சொறி சொல்லக்கூடாதாம், அண்ணை."

"எங்கை?"

"நேத்துப் போக்கர் சீட்டுப் போட்டியிலை. சேர்த்த காசெல்லாம் நுழைவுக்குக் கட்டி முதல்தரம் போனனான். ஒரு வயசான மனுசனைத் தோற்கடிச்சுப்போட்டன். எழும்பி நிண்டு சொறி சொன்னன். மேசையிலை எல்லாரும் சிரிச்சினம்."

"அந்த மனுசன்?"

"அவர் சிரிக்கேல்லை. என்ரை தோளைத் தட்டிப்போட்டுப் போயிட்டார்."

"பிறகு?"

"அடுத்த ஆட்டத்திலையே நானும் தோத்திட்டன்."

"வீட்டிலை என்ன சொல்லிச்சினம்?"

பஸ் ஒரு தரிப்பில் நின்று புறப்பட்டது.

"நான் தனியத்தானே இருக்கிறன், அண்ணை. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்."