மல்லியை மணிமுத்துவின் கையில் ஒப்படைத்த மாடக்கண்ணு அண்ணாச்சிக்கு

மோப்பம் ஒன்றையே மொழியாகக் கற்று, வாயில்லா உயிர்களோடு வாழ்நாளெல்லாம் வழக்காடி வென்றவரே! வீரகேரளம்புதூர் வயற்காட்டில் பிறந்து, காக்கிக்கு வந்து, காலமெல்லாம் நாய்முடி ஒட்டிய சட்டையோடே கடமையாற்றிய காவலரே! அதிகாரிகளுக்கு அடித்த சல்யூட்டைவிட அடங்காத குட்டிகளுக்குச் சொன்ன சபாஷே அதிகம் என்று பெயர் வாங்கிய பெருந்தகையே! சிறப்பு உதவி ஆய்வாளர் திரு. மாடக்கண்ணு அவர்களே! மோப்ப நாய்ப் பிரிவில் உங்களோடு உழைத்த நாங்கள் கனத்த மனத்தோடு படைக்கும் மடல் இது.

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் ஊருக்குக் கொண்டாட்டம், நமக்குத் திண்டாட்டம். அருவிக்கரையில் ஆளுக்கு ஆள் எண்ணெய் தேய்த்து நிற்க, அத்தனை பேருக்கும் ஒரே வாடை. எந்த நாயும் குழம்பிப்போய் உட்கார்ந்துவிடும். வேறு யாராக இருந்தாலும் சீசன் முடியட்டும் என்று சொல்லியிருப்பார். நீங்களோ எண்ணெய் தேய்ப்பவர்களிடம் போய் அழுக்குத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தீர்கள். எங்கள் உடம்பெல்லாம் எண்ணெயைப் பூசி மரத்துக்கு மரம் ஒளிய வைத்தீர்கள். அந்த எண்ணெய்க்கு அடியில் ஒவ்வொரு மனிதருக்கும் தனி வாடை உண்டு என்று நம் மோப்ப நாய் மல்லிக்குப் புரியும்வரை நீங்கள் ஓயவில்லை. நாங்கள்தான் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தோம். கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளை அவள் மீட்டுத் தந்தபோதெல்லாம் பெற்றவர்கள் உங்கள் காலில் விழ வந்தார்கள். நீங்கள் அவளைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துகொள்வீர்கள்.

குட்டியாக வந்த லாப்ரடார் மல்லியை உங்கள் மடியிலேயே வளர்த்தீர்கள். “தீவாளிக்கு எனக்குச் சேல எடுக்க மறந்தாலும், அவளுக்கு உண்ணி வராம வேப்பெண்ணெ வாங்க மறக்க மாட்டாவ” என்று இராமலட்சுமி மதினி எங்களிடம் புகார் சொல்லாத நாளில்லை. சொல்லிவிட்டு, அவளுக்கென்று தனியாக வேகவைத்த முட்டையையும் மதினியே கொடுத்தனுப்புவார்.

ஓய்வு உங்களுக்குத்தான் வந்தது. மல்லிக்கு இன்னும் பணிக்காலம் இருக்கிறது. அவள் அரசாங்கத்துக்குச் சொந்தமானவள், உங்களோடு வீட்டுக்கு அனுப்ப வழியில்லை. காவலர் மணிமுத்துவிடம் அவளை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. மணிமுத்து தட்டை நீட்டினார். மல்லி தலையைத் திருப்பிக்கொண்டாள். கறி போட்டுப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம். நீங்கள் வரும் வாசலையே பார்த்துப் படுத்துக் கிடந்தாள். உடம்பில் ஒரு நோயும் இல்லை என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தபோது, இப்படியே போனால் அவள் பிழைக்கமாட்டாள் என்பது எங்கள் எல்லோருக்கும் உறைத்தது.

அப்போதுதான் நீங்கள் அந்தக் கொடிய வேலையைத் தொடங்கினீர்கள். அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினீர்கள், தொடுவதை நிறுத்தினீர்கள். வாலாட்டிக்கொண்டு ஓடிவந்தால் முதுகைக் காட்டி நின்றீர்கள். காலடியில் வந்து படுத்தால் காலை இழுத்துக்கொண்டீர்கள். விவரம் புரியாத நாங்கள் உங்கள்மேல் கொதித்தோம். “ஏன் அண்ணாச்சி, வாயில்லா சீவன்ட்ட இப்படியா நடந்துக்கிடுவிய?” என்று மணிமுத்து முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

“நான் நல்லவனா இருந்தா அது பட்டினி கெடந்து செத்துரும்லே. என்னைய வெறுக்கட்டும், ஒன்னையப் பாக்கட்டும். நீ தட்டக் கீழ வைக்காத, கையிலயே பிடிச்சிரு” என்றீர்கள்.

அவளுக்கு முதுகைக் காட்டிய நாள்களில் வீட்டில் உங்களுக்கும் சோறு இறங்கவில்லை என்பதை மதினி சொல்லித்தான் அறிந்தோம். கடைசியில் ஒரு மாலை, மல்லி எழுந்து வந்து மணிமுத்துவின் கையிலிருந்த தட்டில் வாய்வைத்தாள். மணிமுத்து அழுதேவிட்டார். நீங்கள் சற்றுத் தள்ளி வாளி கழுவிக்கொண்டிருந்தீர்கள், திரும்பிப் பார்க்கவில்லை.

சென்ற வாரம் குற்றாலத்தில் அவளுக்குச் சோதனை வைத்தோம். மணிமுத்து வாரைப் பிடித்து நடத்தி வர, நீங்கள் கடைவரிசையின் ஓரத்தில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றீர்கள். காற்று உங்கள் பக்கமிருந்து அடித்தது. மல்லி நின்றாள், மூக்கைத் தூக்கினாள், உங்களை நேராகப் பார்த்தாள். “வா தாயி, போவோம்” என்றார் மணிமுத்து. அவள் இன்னும் கொஞ்ச நேரம் உங்களையே பார்த்துவிட்டு, அவர் பின்னால் போனாள். அவள் கண்மறைந்த பிறகு துண்டை எடுத்து, “பாஸ் ஆயிட்டா லே, இனிமே பயமில்ல” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினீர்கள். இவ்வளவு துயரமான வெற்றியை எங்கள் பணிக்காலத்தில் நாங்கள் கண்டதில்லை.

அன்பை அடக்கி அன்பு செய்த அண்ணலே! பிரிவுபசாரப் பரிசாக உங்களுக்கு ஒரு குட்டியைக் கொடுக்க ஆசைப்பட்டோம். “வேண்டாம்லே, ஒண்ணுக்கு முதுகக் காட்டுனதே போதும்” என்று மறுத்துவிட்டீர்கள். ஆகவே வெறும் கைக்கடிகாரம்தான் தருகிறோம், பொறுத்தருள்க. குத்துக்கல்வலசையில் கட்டிய புதுவீட்டில் மதினியோடு மனங்கலந்து, மூட்டுவலி விலகி, வேளைக்கு உண்டு, நிம்மதியாக உறங்கி, இனி வரும் சாரல் காலங்கள் அத்தனையையும் நீங்கள் நலமாகக் காண வேண்டும் என்று குற்றாலநாதரை வேண்டுகிறோம்.

முடிக்குமுன் ஒரு விண்ணப்பம். மடல் வாசித்ததும் விடைபெறுபவர் ஏற்புரை ஆற்றுவது முறை. உங்களை நாங்கள் அழைக்கப்போவதில்லை. இந்த மன்றத்துச் சுவருக்கு அந்தப்பக்கம்தான் மல்லியின் கொட்டில். உங்களைக் கண்ட பிறகும் கடந்து போக அவள் பழகிவிட்டாள். உங்கள் குரலைக் கேட்டபின் சும்மா இருக்க இன்னும் பழகவில்லை. ஒலிபெருக்கியில் நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும், அவள் மறுபடி தட்டைத் தொடமாட்டாள். இது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்கு நன்றி சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. மடலை வாங்கிக்கொண்டு, பேசாமல் கைகூப்பிவிட்டு மேடையிலிருந்து இறங்குங்கள்.

கண்கலங்கி நிற்கும்
மோப்ப நாய்ப் பிரிவுப் பணியாளர்கள்,
தென்காசி.