சத்தம் போடாத மோட்டார்

— ஐயையோ, மோட்டாரைப் போய்த் தண்ணியில முக்கி வெச்சிருக்கியே! நாளைக்கு ரேஸ் ஃபைனல், ஞாபகம் இருக்கா இல்லையா?

— இருக்குங்க. டம்ளர்ல கையை விடாதீங்க, உள்ள ஓடிக்கிட்டு இருக்கு.

— தண்ணிக்குள்ளயா? அட, ஆமா, சுத்துது! தண்ணி ஏன் இப்படிக் கறுக்குது?

— கரித்தூள். மோட்டாருக்குக் கரன்ட் குடுக்கற கரித்துண்டு, அதான் பிரஷ், புதுசுல முனை தட்டையா இருக்கும், அது உரசற செம்பு உருளையா இருக்கும். தண்ணியில மெதுவா ஓடினா ஒண்ணுக்கொண்ணு படிஞ்சிக்கும், சூடும் ஏறாது.

— ஒரு முழ ரிமோட் காருக்கு இவ்வளவு பாடா? இத்தனை வருஷமா ரேஸ் ஓட்டறேன், என் வீட்டுல நடக்கறது எனக்கே தெரியல பாரு.

— நீங்க காரை எடுக்க வர்றதுக்குள்ள டம்ளரைக் கழுவி வெச்சிருவேனே.

— சரி, நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே ஃபைனல்ல நிக்கறோம். மோட்டாரும் ரெண்டு. எனக்கு எது?

— கேட்டுப் பாருங்க. முதல்ல மேஜை மேல இருக்கறது.

— அடேயப்பா, என்னமா கத்துது! இதான், இது எனக்கு.

— பொறுங்க. தண்ணியில இருந்ததைத் தொடைச்சு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கறேன். இப்ப கேளுங்க.

— இது என்ன, தூங்கற பூனை மாதிரி முனகுது.

— ஜன்னலைச் சாத்திட்டுக் குனிஞ்சு பாருங்க. கத்தினது முதல்ல.

— நீலமா பொறி பறக்குது.

— பறக்கறது அத்தனையும் வீணாப் போற வேகம். இப்ப இது.

— ஒண்ணுமே தெரியல. ஓடுதா?

— மேல விரலை வைங்க.

— அம்மாடி! ஓடுது, ஆனா ஒரு பொறி இல்ல, ஒரு உதறல் இல்ல. எனக்கு உடம்பே சிலிர்க்குதுடி. நிறைகுடம் தளும்பாதுங்கறது இதுதானா? எப்படிப் பண்ணின?

— ரெண்டுக்கும் ஒரே கைப்பக்குவம்தான். மயிரிழை அளவு செம்பைக் கடையறேன், ஸ்பிரிங்கை மாத்தி மாத்திப் பார்க்கறேன். எப்பவாவது ஒண்ணு இப்படி அமைஞ்சிடும். ஏன்னு எனக்கே தெரியாது. அமையறப்ப நானும் இப்படித்தான் விரலை வெச்சு வெச்சுப் பார்ப்பேன்.

— அப்ப இது என் கார்ல. வருஷா வருஷம் கப்பு வாங்கற கார் இல்லையா!

— வருஷா வருஷம் அமைஞ்சதை உங்க கார்லதாங்க மாட்டினேன்.

— உன் கார்ல?

— மத்தது.

— அந்தக் கத்தறதை வெச்சுக்கிட்டா எனக்கு ஒரு கார் தூரத்துல ரெண்டாவதா வந்துக்கிட்டிருந்த?

— இந்தத் தடவை இது எனக்கு வேணுங்க.

— எடுத்துக்க. இந்தத் தடவை உன் முறைதான். ஆனா ஒண்ணு சொல்லு, இந்தக் கத்தறதை வெச்சு உன்னை நான் எப்படிப் பிடிக்கறது?

— நேர்ப்பாதையில முடியாதுங்க. வளைவுலதான் பிடிக்கணும். நான் அப்படித்தான் வந்தேன்.