பதினாறாம் எண் தகடு

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே, அவர் பக்கத்து நாற்காலியில் இருக்கும் சங்கச் செயலாளர் அவர்களே, இந்தப் பெயின்ட் ஆலையின் கலவைக் கூடத்திலும் நிரப்பும் பிரிவிலும் கிடங்கிலும் என்னோடு வேலை செய்யும் தோழர்களே, முன்வரிசையில் அம்மாவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் டோக்கன் அக்காவின் மகளே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு இரண்டு நிமிடம் தந்திருக்கிறார்கள். என்ன பேசவேண்டும் என்று தட்டச்சு செய்து ஒரு தாளும் தந்திருக்கிறார்கள். தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

மேடையேறியதும் நான் செய்த முதல் வேலை, மூன்றாம் வரிசையை எண்ணியது. அக்காவின் பொறுப்பில் இருந்த முதல் ஷிஃப்டில் அவரைத் தவிர பதினைந்து பேர். நான் இங்கே நிற்கிறேன். அங்கே பதினான்கு தலை. சரியாக இருந்தது. இந்தப் பழக்கம் அக்கா ஒட்டவைத்துவிட்டுப் போனது. அவர் இறந்த பத்து நாட்களாகப் பேருந்தில் ஏறினாலும் எண்ணுகிறேன்.

தோழர்களே! மேலாளர் அக்காவைப் பற்றிப் பேசும்போது, "தளபதியைப்போல் வாழ்ந்தார், களத்தில் வீழ்ந்தார்" என்றார். என் தலைக்குமேல் தொங்கும் பேனரிலும் "வீரத் தளபதி" என்றே போட்டிருக்கிறார்கள். கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. களம் என்றால் எதிரி வேண்டுமே! எங்கள் கலவைக் கூடத்தில் எதிரி யார்? பெயின்ட் கரைக்கும் தின்னர் தொட்டியா? அறுந்துபோன மின்விசிறிப் பட்டையா? போரே இல்லாத இடத்தில் ஒருவர் வீரமரணம் அடைந்தால், அந்தப் போரை நடத்தியவர் யார் என்று கேட்கவேண்டாமா?

தளபதி என்ற சொல்லுக்கு இந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வரலாறு உண்டு. வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்கு அதைச் சொல்லவேண்டும். இதே இடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒன்றரை வருடமாக எங்களுக்குள் ஒரே சண்டை. உலகத்திலேயே பெரிய படைத்தளபதி யார்? யார் வீட்டிலிருந்தோ ஒரு பழைய வரலாற்றுப் புத்தகம் வந்தது, அன்றைக்குத் தொடங்கியது. அதோ அந்தச் சுவரில் சாக்கட்டிக் கோடுகள் தெரிகின்றனவே, அவை எங்கள் வாக்குகள். ஆளுக்கொரு தளபதி. கடைசியில் தளபதி பெயரே ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் அலெக்சாண்டர். சமையல்காரர் செங்கிஸ் கான். நான், ரோமை எதிர்க்க யானைகளோடு பனிமலை கடந்த ஹன்னிபால்.

எப்படிச் சண்டை நடக்கும் தெரியுமா?

"முப்பது வயசுக்குள்ள பாதி உலகத்தைப் புடிச்சான்டா எங்காளு."

"நீ முப்பத்தஞ்சு வயசுல ரிவர்ஸ் எடுக்கும்போது கழிவறைச் சுவரை இடிச்ச. அதைச் சொல்லு."

"யானையைக் கூட்டிக்கிட்டுப் பனிமலை ஏறுறதெல்லாம் ஒரு போரா? அது சர்க்கஸ்!"

"சோத்துல உப்பு போட மறந்த செங்கிஸ் கான் எல்லாம் போரைப் பத்திப் பேசக்கூடாதுண்ணே."

அக்கா இந்தக் கூச்சலுக்கு நடுவில் உட்கார்ந்து, தலைநிமிராமல் சாப்பிடுவார். ஒருநாள் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"சரிப்பா. இவங்க எல்லாரும் எத்தனை பேரைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க?"

அலெக்சாண்டர் சொன்னார், நான் சொன்னேன், ஆயிரக்கணக்கில் சொன்னோம்.

"திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்தது எத்தனை?"

ஒன்றரை வருடச் சண்டையில் ஒருவர்கூட அதைத் தேடிப் பார்த்ததில்லை!

"போறப்ப எண்ணி, வர்றப்ப எண்ணாதவன்லாம் தளபதியாடா? என் ஷிஃப்டுல இருந்தா ஒரு வாரம் தாங்கமாட்டான்."

"அப்ப உங்க வோட்டு யாருக்கு அக்கா?"

"எங்கயாவது ஒருத்தன் இருந்திருப்பான். எதிர்ல நிக்கிற கூட்டத்தைப் பாத்துட்டு, இது ஆகாது, வாங்கடா வீட்டுக்குப் போவோம்னு மொத்தப் பேரையும் திருப்பி நடக்க வச்சிருப்பான். அவனைக் கோழைன்னு திட்டியிருப்பானுங்க. அவன் பேரு உங்க புத்தகத்துல இருக்காது. என் வோட்டு அவனுக்கு."

எழுந்து போய்ச் சுவரில் பெயர் இல்லாமல் ஒரு கோடு போட்டார். மற்ற கோடுகளிலிருந்து தள்ளி, தனியாக நிற்கிறது பாருங்கள். அதுதான்.

எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது. ஒழுங்காக நடந்த விளையாட்டைக் கெடுத்துவிட்டார் என்று தோன்றியது.

ஆனால் அவர் விளையாடவில்லை தோழர்களே! ஆறு வருடத்துக்கு முன் தொட்டி கழுவ இறங்கிய ஒருவர் வெளியே வரவில்லை. ஷிஃப்ட் முடிந்தது, விளக்கை அணைத்தார்கள், கதவைப் பூட்டினார்கள். மறுநாள் காலையில்தான் கண்டார்கள். அதன் பிறகு அக்கா, பெட்டி உடைத்த பலகை ஒன்றில் ஆணிகள் அடித்து, கலவைக் கூடத்தின் முன்வாசலில் மாட்டினார். ஆளுக்கொரு பித்தளைத் தகடு; டோக்கன் அக்கா என்ற பெயர் அதனால் வந்ததுதான். உள்ளே போகும்போது மாட்டவேண்டும், வெளியே வரும்போது எடுத்துக்கொள்ளவேண்டும். பலகையில் தகடு தொங்கினால் உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று பொருள். வெளியே வராதவரின் வருகைப்பதிவு எண் நான்கு. அந்த எண்ணை அக்கா யாருக்கும் மறுபடி தரவில்லை. அதனால்தான் பதினைந்து பேர் உள்ள ஷிஃப்டில் என் எண் பதினாறு.

போன வருடம் ஒரு சுமைக்காரர் பீப்பாய்களுக்குப் பின்னால் தூங்கிப்போனார். தகடு தொங்கியது. அக்கா இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார். இருபது நிமிடம் எல்லாம் நின்றது. மேலாளர் ஓடிவந்தார். எல்லோர் முன்னாலும் கத்தினார். அக்கா சொன்னதை மறக்கமுடியுமா?

"இருபது நிமிஷத்தை நாளைக்குப் புடிச்சுக்கலாம் சார். ஆளு போனா எந்த ஷிஃப்டுல புடிப்பீங்க?"

அதற்கு அவருக்குக் கிடைத்தது ஓர் எச்சரிக்கைக் கடிதம். அந்தக் கடிதம் எழுதிய அதே கைதான் இன்று அவர் படத்துக்கு மாலை போட்டிருக்கிறது.

மேசையில் தண்ணீர் டம்ளர் நடுங்குகிறது. என் கை அழுத்துகிறது போலிருக்கிறது. மன்னிக்கவேண்டும். சொல்லவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன், அதனால்தான்.

கலவைக் கூடத்தின் காற்றுப்போக்கி விசிறியின் பட்டை அறுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. புகார்ப் புத்தகத்தில் அக்கா நான்கு முறை எழுதினார். பட்டை வரவில்லை. அதற்குப் பதிலாக, காற்று வரட்டும் என்று பின்பக்கத்து ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள். பின்வழியாகப் போனால் சாப்பாட்டுக் கூடம் பக்கம். எல்லோரும் அந்த வழியே போகத் தொடங்கினோம். ஆனால் பலகை முன்வாசலில்! அக்கா இன்னொரு பலகை மாட்டக் கேட்டார். ஆணி அடிக்க அனுமதி வேண்டும் என்றார்கள். "ரெண்டு வாசல் இருந்தா என்னால எண்ணமுடியாது சார்" என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். நீங்களும் கேட்டீர்கள், மேலாளர் அவர்களே.

பத்து நாளுக்கு முன், மதியம் சாப்பாட்டு மணி அடித்தது. "பின்னால போறவங்க முன்னால வந்து தகட்டை எடுத்துட்டுப் போங்கப்பா" என்று அக்கா குரல் கொடுத்தார். பதினான்கு பேர் சுற்றிக்கொண்டு போய் எடுத்தார்கள்.

ஒருவன் எடுக்கவில்லை.

அவனுக்கு அவசரம். நூலகத்திலிருந்து தடியாக ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தான். அக்காவின் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தான். பதினைந்து வருடம் எதிரியின் மண்ணில் படையைக் கலையாமல் வைத்திருந்தவர் ஹன்னிபால் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. மலையைக் கடப்பதற்குள் படையில் ஏறக்குறைய பாதிப்பேர் செத்தார்கள் என்று அதற்கு முந்தைய பக்கத்தில் இருந்தது. முந்தைய பக்கத்தை மடித்துவிட்டு, இந்தப் பெஞ்சின்மேல் ஏறி நின்று, அடுத்த பக்கத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். அபாயச் சங்கு ஒலித்தது. வாரத்துக்கு மூன்று முறை சும்மாவே ஒலிக்கிற சங்கு அது. எல்லோரும் சிரித்தோம். அவன் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினான்.

குழாய் இணைப்புக் கழன்று கலவைக் கூடம் முழுக்கத் தின்னர் ஆவி. அக்கா பலகையைப் பார்த்தார். ஒரு தகடு தொங்கியது. முகமூடி இருந்த அலமாரிக்குப் பூட்டு. சாவி அலுவலகத்தில். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். தேடினார், வெளியே வந்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். தகடு அப்படியே தொங்கியது. வண்டியை நிறுத்திவிட்டு வந்த அலெக்சாண்டர் அவர் கையைப் பிடித்தார்.

"அக்கா, வேணாம். ஆளுங்க வரட்டும்."

"விடுடா. ஹன்னிபால் உள்ள இருக்கான்."

இரண்டாம் முறை போனவர் வரவில்லை. மூன்றாவது தொட்டிக்கும் நான்காவது தொட்டிக்கும் நடுவில் கிடந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த நாங்கள் யாரும் அவரைத் தேடவில்லை. ஏன் தெரியுமா? பதினைந்து பேருக்கும் தகடு செய்த அக்கா, தனக்கென்று ஒன்று செய்துகொள்ளவில்லை. எங்களை எண்ண அவர் இருந்தார். அவரை எண்ண யார் இருந்தோம்? அலெக்சாண்டர் சாவிக்காக அலுவலகத்துக்கு ஓடித் திரும்பியபோது நேரம் கடந்துவிட்டது.

தங்கச்சி! மருத்துவமனை வாசலில் நீ எங்கள் எல்லோரையும் கேட்டாய். "எங்கம்மா யாரைத் தேடிப் போனாங்க? ஒருத்தராவது சொல்லுங்கண்ணே." பத்து நாளாக அலெக்சாண்டர் எனக்காக வாயைத் திறக்கவில்லை.

என்னைத் தேடிப் போனார். உன் அம்மா என்னைத் தேடித்தான் போனார். நான் இந்தக் கூடத்தில் பெஞ்சின்மேல் நின்று போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

இதோ அந்தத் தகடு. பதினாறு.

இப்போது அந்தத் தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் சட்டைப்பையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, இன்றைக்குப் பேச. மற்றது, விசாரணை அதிகாரிக்குக் கொடுக்க. "விதிமுறையை மீறி, சொந்த முடிவின்பேரில் உள்ளே சென்றார்" என்று அக்காவைப் பற்றி அதில் எழுதியிருக்கிறது. அந்தத் தாளில் விசிறி இல்லை, ஷட்டர் இல்லை, சாவி இல்லை, நானும் இல்லை. கையெழுத்துப் போட்டால் என் தகட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், அக்காவின் வேலை எனக்கு. "பெருசாக்காதே தம்பி, உனக்கும் நல்லதுதானே" என்றார் சங்கச் செயலாளர். மேடையில் வீரத் தளபதி, தாளில் விதியை மீறியவர்! எப்படி இருக்கிறது கதை?

நான் கையெழுத்துப் போடமாட்டேன். இப்போது சொன்னதையே விசாரணையிலும் சொல்வேன். என் வேலை போகட்டும், வழக்கு வரட்டும். என் தப்புக்கு நான் நிற்கிறேன். பட்டை வாங்காத தப்புக்கு யார் நிற்பது?

நாளைக் காலை முதல் ஷிஃப்டுக்குக் கலவைக் கூடத்தைத் திறக்கிறார்களாம். பட்டை இன்னும் வரவில்லை. சங்கு தவறாக ஒலிக்கிறது என்று அதன் ஒயரைப் பிடுங்கியாகிவிட்டது. அக்காவின் பலகையைக் கழற்றிவிட்டார்கள். கார்டு தேய்க்கிற இயந்திரம் வருமாம், அடுத்த மாதம். சுவரில் ஆணி ஓட்டை மட்டும் இருக்கிறது. அந்தச் சுவரை வைத்துக்கொண்டு இன்று உறுதி...

ஒரு நிமிடம்.

டம்ளர் இன்னும் நடுங்குகிறது. என் கை மேசையில் இல்லை.

தோழர்களே, மூன்றாம் வரிசையைப் பாருங்கள். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பதினான்கு இருந்தது! வடிகட்டிப் பிரிவு அண்ணன் எங்கே? லேபிள் ஒட்டுகிற இரண்டு பேர் எங்கே? சமையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொட்டி கழுவுபவர் எங்கே? நான் பேசத் தொடங்கியபோது மேற்பார்வையாளர் கதவருகில் வந்து கையைக் காட்டியதைப் பார்த்தேன். யாரோ எழுந்து போவதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். மறுபடியும்!

கேளுங்கள். அது பம்ப் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம், கலவைக் கூடத்தில். நாளைக்காகத் தொட்டியைக் கழுவ ஆட்களை இறக்கியிருக்கிறீர்கள். அக்காவுக்கு இரங்கல் கூட்டம் நடக்கும்போதே! எத்தனை பேர் உள்ளே, மேலாளர் அவர்களே? உங்களுக்குத் தெரியுமா? எந்தப் பலகையைப் பார்த்துச் சொல்வீர்கள்?

அலெக்சாண்டர் அண்ணே, அலுவலகத்துக்கு ஓடுங்க. முகமூடிச் சாவி. தரலைன்னா அலமாரியை உடைங்க. செங்கிஸ் அண்ணே, பம்ப் சுவிட்ச் வெளிச்சுவர்ல இருக்கு, அணைங்க. முன்வாசல், பின்பக்கத்து ஷட்டர் ரெண்டையும் முழுசாத் திறங்க. முகமூடி இல்லாம யாரும் உள்ள போகவேணாம். நானும் போகமாட்டேன்.

அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் நான் உறுதிமொழி சொல்லவேண்டும். அதை நின்றுகொண்டு சொல்ல நேரமில்லை. கூட்டத்தின் முடிவில் ஒரு நிமிட மௌனம் என்று அச்சடித்திருக்கிறீர்கள். வேண்டாம். இன்று யாரும் மௌனமாக இருக்கவேண்டாம். எல்லோரும் கலவைக் கூடத்தின் முன்வாசலுக்கு வாருங்கள். தங்கச்சி, நீயும் வா. நான்கு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், தொண்டை கிழியக் கூப்பிடுவோம்.

நான்கு குரல் திரும்பி வரும்வரை இந்தக் கூட்டம் முடியவில்லை.