ஒரு ஆள் போதும்

— நில்லுங்க கீர்த்திவாசன் சார்! மூணு நாளா கடிகாரத்தோட எங்க தலைக்கு மேல நின்னு வேலைய அளந்துட்டு, சொல்லாமலே கெளம்புனா எப்பிடி? இந்த ஃபேக்டரி பொழைக்குமா பொழைக்காதா?

— பொழைச்சுக்குமுங்க்கா. நாலு மணி பஸ்ஸப் புடிச்சாத்தான் குன்னூரு போயி கோயமுத்தூரு எறங்க முடியுமுங்க, அதான் அவசரம். தேயிலை வெல இப்பிடிப் படுத்துக் கெடக்கறப்போ எது வீண்னு பாத்து நிறுத்தறதத் தவிர வேற வழியில்லீங்க. ஈர வெறக எரிக்கறது வீண். கொழுந்து லாரி வர்ற வரைக்கும் மெஷின வெறுமனே ஓட்டறது வீண். எல்லாத்தையும் காலையிலயே எழுதிக் குடுத்துட்டனுங்க.

— ஈர வெறகப் பத்தி மூணு வருசமா கத்துறேன். மூக்கம்மா சொன்னா எவன் கேக்குறான்? சரி, எங்க மாடி வேலையப் பத்தி என்னா எழுதுனீங்க?

— அங்கதானுங்க்கா அசந்து போயிட்டேன்! வாடுன கொழுந்த மூட்டை மூட்டையாக் கீழ மெஷினுக்கு எறக்கறது ரெண்டு ஆளு வேலைன்னு பதிவுல இருக்குதுங்க. நீங்க ஒருத்தரே ஒரு நாளைக்கு எம்பது நடை நடந்தீங்க. மெஷின் ஒரு நிமிசம் காத்து நிக்கலீங்க.

— நின்னா சசிரேகா வராதது தெரிஞ்சிரும்ல.

— ஏனுங்க்கா, வரலீங்களா? ரெண்டாவது ஆளு கீழ நிக்கறாங்கன்னு லூயிஸ் மேஸ்திரி சொன்னாருங்களே?

— அவரும் கூட்டுதான். என் சோடிக்குக் கர்ப்பப்பை ஆபரேசன் சார். லயத்து வீட்டுல படுத்துக் கெடக்கா. லீவு போன வாரமே தீந்துபோச்சு. நீங்க கணக்கெடுக்குறப்ப ஆளில்லன்னா சீட்டக் கிழிச்சிருவாங்கன்னு, அவ மூட்டையும் நானே தூக்குனேன்.

— அய்யய்யோ! அந்த எடத்துக்கு ஒரு ஆளு போதும்னு எழுதிட்டனுங்களே!

— ஒரு ஆளா? முட்டி ரெண்டும் வீங்கி உக்கார முடியல சார்! மூணு நாளைக்குன்னுதான ஓடுனேன்.

— நீங்க சிரிச்சுக்கிட்டே நடந்தீங்க. எனக்கு எப்பிடித் தெரியுமுங்க?

— படுத்துக் கெடக்குறவ வாயில நானே மண்ணப் போட்டுட்டேனே! அவ பேர வெட்டியாச்சா?

— பேரெல்லாம் ஆபீஸ்ல போடறதுங்க. கெளம்பறப்போ அவங்க குடுத்த தாளு பையிலதான் இருக்குது, நானே இன்னும் பிரிக்கல. இருங்க்கா... கொழுந்து வாட்டுற எடம், மாடி. திங்கக்கெழமையிலருந்து ஒரு ஆளு. சசிரேகா.

— அவதான் இருக்காளா? நல்லாப் பாருங்க சார்!

— அவங்கதானுங்க.

— அப்பாடா! மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா. இப்பவே போயி அவகிட்ட...

— அக்கா, ஒரு நிமிசமுங்க. அம்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கறவங்களத்தான் மொதல்ல நிறுத்தியிருக்காங்க.

— ஓ. அப்ப போறது நானா.

— நானு மானேஜருகிட்டத் திரும்பப் போறனுங்க. பஸ்ஸு போனாப் போகுது. உங்க பேரச் சேக்கச் சொல்லி...

— என்னைய விடுங்க சார். வயித்துல தையலோட, திங்கக்கெழமையிலருந்து அந்த எம்பது நடையும் அவ ஒருத்தியாவா நடக்கணும்?