பேசாப் படத்தைப் பேசவைத்த பெருமாட்டிக்கு

தறிக்காரி மகளாய்ப் பிறந்து, தார்ன்கிளஃப் நகரின் தன்மானம் காத்த தகைமையீர்! புகைபோக்கிகள் சாய்ந்த பின்னும் பஞ்சாலை ஊரின் பழங்கதைகள் சாயாமல், நூலக மாடி ஆவண அறையில் முப்பத்தோராண்டு தோள்கொடுத்துத் தாங்கி, இன்று ஓய்வுபெறும் டோரீன் எண்ட்விசில் அம்மையீர், வணங்குகிறோம்!

கிழிந்த சங்கச் சீட்டையும், மங்கிப்போன சுற்றுலாப் படத்தையும் தங்கம்போல் வாங்கிப் போற்றினீர்கள். தேநீரை மட்டும் தண்ணீராய்த் தந்தீர்கள். இன்று அதையும் மன்னிக்கிறோம்.

அந்த அறையை மூடி, வண்டி நிறுத்த அனுமதிச் சீட்டு வழங்கும் இடமாக்க நகரமன்றம் கூடிய மார்ச் மாதத்தை மறப்போமா? தங்கள் கையிலிருந்தது ஒரு பேசாப் படம்தான். 1926இல், வேலை முடிந்து பெண்கள் ஆலைவாசலைக் கடக்கும் இரண்டு நிமிடக் காட்சி அது.

"சத்தமே இல்லாத படத்துக்குத் தனியா ஒரு ரூமா?" என்றார் மன்ற உறுப்பினர் பெர்சி டக்வொர்த்.

தாங்கள் கதவைத் திறந்தீர்கள். ஓய்வுபெற்ற தறிக்காரிகள் ஒன்பது பேர் உள்ளே வந்தார்கள். தறி இரைச்சலில் காதை நம்பாமல், உதட்டைப் பார்த்தே ஆயுளெல்லாம் வம்பளந்தவர்கள். நாங்கள் அதை மறந்திருந்தோம், தாங்கள் மறக்கவில்லை. படம் ஓடியது. எழுபத்தொரு வயது ஆக்னஸ் ஹேஸ்லம், திரையில் ஒருத்தியின் வாயைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"சீக்கிரம் நடங்கடி. மேஸ்திரி டக்வொர்த் வர்றான். அவன் மூஞ்சியப் பாத்தாப் பாலு திரிஞ்சிரும்."

மன்றமே சிரிப்பில் குலுங்கியது. "அது எங்க தாத்தா," என்றார் பெர்சி.

"தெரியுதுப்பா. மூக்கு அப்படியே இருக்கே."

அடுத்துச் சால்வை போர்த்திய ஒருத்தி திரும்பினாள். ஆக்னஸின் குரல் இறங்கியது. "இது எங்கம்மா. 'ஆக்னஸுக்குக் காய்ச்சல் விட்டிருக்கும், சூடா எதாச்சும் வாங்கிட்டுப் போறேன்'ங்கறா."

அறுபத்தோராண்டு கழித்து ஒரு மகள் தாயின் சொல்லைப் பெற்றாள். வாக்கெடுப்பில் முதலில் உயர்ந்தது பெர்சியின் கை. அறை நின்றது, ஊர் வென்றது, நாங்களெல்லாம் நிமிர்ந்து நடந்தோம்!

நோயண்டா உடலும் நிறைந்த மனமும் பெற்று, கடற்கரையில் காலாற நடந்து, நூறாண்டு கடந்தும் எங்களைத் திருத்த வாருங்கள்.

இதைப் படித்து முடித்ததும் யாரும் கைதட்ட வேண்டாமெனத் தறிக்காரிகள் கேட்டிருக்கிறார்கள். பின்வரிசையைப் பாருங்கள், அம்மையீர். ஒன்பது பேரும் ஓசையின்றி ஒன்று சொல்லப்போகிறார்கள். அது தங்களுக்கு மட்டும் விளங்கினால் போதுமாம்.

தங்களை அனுப்ப மனமில்லாத,
நூலகப் பணியாளர்கள்,
தார்ன்கிளஃப்.