இரண்டு சிவகுமார்கள்

கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவைக் கடக்கும்போதெல்லாம், யுத்தகாலத்தில் அவ்வழியே போன பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு கணினிக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள்.

"ஜாவா புரோகிராமுல கிளாஸ் ஒண்ணுதான், பேரும் ஒண்ணுதான். ஆனா ரெண்டும் வேற வேறன்னு சேர்வர் சொல்லுது," என்றார் மலைநாட்டுக்காரர்.

"ஒரே லைப்ரரி ஃபைலைப் பொது ஃபோல்டரிலயும் அப்ளிகேஷனுக்குள்ளயும் போட்டிருப்பியள். சேர்வர் பேரை மட்டும் பாக்காது, எங்கயிருந்து ஏத்தினதெண்டும் பாக்கும். ரெண்டு பிரதியில ஒரு கொப்பியை அழிக்கவேணும்," என்றார் யாழ்ப்பாணத்தவர்.

சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. சிப்பாய் இருவரின் அடையாள அட்டைகளையும் சத்தமாக வாசித்தார். இரண்டிலும் சிவகுமார். பிறந்த இடத்தைப் பார்த்ததும் யாழ்ப்பாணத்தவரை மட்டும் இறங்கச் சொன்னார்.

"நீங்கள் போங்கோ. நான் பிறகு வாறன்," என்றார் யாழ்ப்பாணத்தவர்.

மற்றவர் இருவரின் பைகளையும் தூக்கிக்கொண்டார்.

"எந்தக் கொப்பிய அழிக்கிறதுன்னு நீங்க இன்னும் சொல்லலையே," என்றபடி பின்னாலேயே இறங்கினார்.